ஸ்பினிபெக்ஸ்: மீசை எது, தூர் எது?

ஆஸ்திரேலியப் பாலைவனப் புற்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்த தம்பி போனில் கேட்டான்: "ஏண்ணே, ஸ்பினிபெக்ஸ்னு வருது. நம்ம இராவணன் மீசைதானே? அதையே போட்டுரவா?" போடாதே என்றேன்.

லத்தீனில் 'ஸ்பினா' என்றால் முள். 'ஃபாக்கெரே' என்றால் ஆக்குதல். முள்ளாக்கி என்று வைத்துக்கொள்ளலாம். 1771இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பெயரை வைத்தது பாலைவனப் புல்லுக்கு அல்ல, இராவணன் மீசை என்று நாம் சொல்லும் கடற்கரைப் புல்லுக்கு. தனுஷ்கோடி மணலில் கொத்துக் கொத்தாய் நிற்குமே, அதற்கு. இலை உள்பக்கமாய்ச் சுருண்டு ஊசியாய் நீட்டிக்கொண்டிருக்கும். வெறுங்காலில் ஏறினால் கடுகடுவென்று வலிக்கும். ஓடுதண்டு மணலோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். காற்று மணலை மேலே கொட்டினாலும் அதைத் துளைத்து எழும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் அந்த முள்பந்து. காய்ந்ததும் கழன்று, கச்சான் காற்றில் உருண்டு ஓடும். சின்ன வயதில் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவோம். பிடித்தவன் கையை உதறுவான், பிடிக்காதவன் சிரிப்பான். உருள்கிற வழியெல்லாம் விதை விழும்.

மீசை என்ற சொல்லை 'மேல்' என்று பொருள்படும் மீ, மிசையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இராவணன் எப்படி வந்தான் என்றால், சேதுக்கரையில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். எனக்கு அந்த விறைப்பே போதும்.

ஆஸ்திரேலியாவில் குழப்பம் தொடங்குகிறது. அங்கே உள்நாட்டில், கடலைப் பார்த்தே இராத செம்மணலில் வளரும் ட்ரையோடியா என்ற வேறொரு புல்வகையையும் பேச்சுவழக்கில் ஸ்பினிபெக்ஸ் என்றே சொல்கிறார்கள். அதுவும் குத்தும், அவ்வளவுதான் உறவு. 1810இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் வைத்த ட்ரையோடியா என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் 'முப்பல்' என்று பொருள். பூவை மூடும் உமியின் நுனி மூன்றாய்ப் பிரிந்திருக்கும். முப்பல் புல் என்றால் பல்பொடி விளம்பரம் மாதிரி இருக்கிறது. அது குத்துக் குத்தாய்த் திரண்டு, வயதானால் நடுவில் பட்டுப்போய் வளையமாய் நிற்கும். இப்படித் திரண்ட குத்துக்கு நம் சம்சாரிகள் (விவசாயிகள்) சொல்லும் சொல் தூர். ஆகவே 'முள்தூர்ப் புல்'. என் பரிந்துரை இதுதான்.

தம்பியின் கட்டுரை பருவநிலை மாற்றம் அந்தப் புற்களை என்ன செய்கிறது என்பது பற்றியது, அதனால் இந்தப் பிரிப்பு முக்கியம். முள்தூர்ப் புல்லுக்கு வெயில் அவ்வளவு பெரிய எதிரி இல்லை, வெக்கைக்குப் பழகிய புல் அது. மழை தப்புவதும் தீயும்தான் சிக்கல். நல்ல மழை வருடங்களில் புல் மண்டும், அடுத்து வரும் வறட்சியில் அது எரியும். எரிந்து முளைத்த கன்று விதை கட்டுமுன் மறுபடி தீ வந்தால் அந்த இடம் காலி. மழை வேறு பக்கம் நகர்ந்தால் புல்லும் நகரட்டுமே என்றால், அதற்கு ஏற்ற சத்தில்லாத மணலும் பாறையும் நகராது. இதற்கு நடுவில் நம் ஊர் மேய்ச்சல் புல், கொழுக்கட்டைப் புல், அங்கே போய்ப் பரவி இடைவெளிகளை அடைத்துத் தீக்குப் பாலம் போடுகிறது. இங்கே ஆட்டுக்குத் தீனி, அங்கே களை.

நம் மீசைக்கு வேறு நெருக்கடி. கடல் மட்டம் உயர்ந்து கரை அரித்தால் அது உள்நோக்கி நகர வேண்டும். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் மணல்நாக்கில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் 2017இல் திறந்த தார்ச்சாலை. உள்நோக்கி என்றால் எங்கே?

தம்பியின் வரைவில் இன்னொன்றும் இருந்தது: ஆங்கில 'ரேஞ்ச்' என்பதற்கு, புல்லின் 'வீச்சு' குறைகிறதாம். வீச்சு அரிவாளுக்கு. ஒரு செடி எதுவரை பரவி வாழ்கிறதோ அது 'பரவல் எல்லை'. அந்த எல்லைக்குள் அது வேர் விட்டு நிற்கும் மணல்மேடோ பாறைச்சரிவோ 'வாழிடம்'. எல்லை அப்படியே இருக்க, உள்ளே வாழிடம் துண்டு துண்டாய்ப் போகலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காதே என்று சொல்லி போனை வைத்தேன்.