சர்க்கரையைக் குறைத்தால் தயிர் ஏன் கல்லாகிறது?

பினாங்கில் மதியம் மூன்று மணி வெயில் சுவரிலிருந்தும் அடிக்கும். அந்த நேரத்தில் அம்மாவுக்குத் துருவிய ஐஸில் செய்யும் ஐஸ் கச்சாங் நினைப்பு வந்துவிடும். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்த பிறகு, சிரப்பும் கெட்டிப் பாலும் ஊற்றிய கிண்ணத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் உள்ள கவலை இல்லை இது. சுகாதார அமைச்சின் 2023 ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது.

அதனால் ஒருநாள் தயிரில் டிராகன் பழத்தைப் பிசைந்து, சர்க்கரை சேர்க்காமல், இரவு ஃபிரீசரில் வைத்தேன். மறுநாள் அம்மா கரண்டியை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார். "ஏம்மா, கரண்டி எறங்கவே மாட்டேங்குதே?" என்றார். அந்தக் கேள்விக்கான பதில் சர்க்கரையிடம் இருக்கிறது. உறையவைத்த பண்டங்களில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் போடப்படுவதில்லை. தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாகிவிடாமல் தடுப்பதும் அதன் வேலைதான்.

வெறும் தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால், உறைநிலை 1.86 டிகிரி கீழே இறங்கும். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் விஷயம் அத்தோடு நிற்பதில்லை. பனிப்படிகம் வளரும்போது நீர் மூலக்கூறுகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளும், சர்க்கரையை வெளியே தள்ளிவிடும். மிச்சமிருக்கும் நீரில் சர்க்கரைப் பாகு இன்னும் அடர்த்தியாகும், அதன் உறைநிலை இன்னும் இறங்கும். மேலும் கொஞ்சம் உறையும், பாகு மேலும் இறுகும். இப்படியே போய், வீட்டு ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் சாதாரண ஐஸ்கிரீமில் உள்ள நீரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உறையாமல் கெட்டிப் பாகாகவே இருக்கிறது. பனிப்படிகங்கள் அந்தப் பாகில் மிதந்து ஒன்றோடொன்று வழுக்குவதால்தான் கரண்டி இறங்குகிறது. சர்க்கரை சேர்க்காத தயிரில் கரைந்திருப்பது பாலின் லாக்டோஸ், லாக்டிக் அமிலம், கொஞ்சம் உப்புகள், அவ்வளவுதான். நான் சேர்த்த பழமும் கொஞ்சம். படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டன.

இந்தக் கணக்கில் எடை முக்கியமில்லை, மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் முக்கியம். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் மூலக்கூறுகள் சாதாரண சர்க்கரையின் மூலக்கூறில் ஏறக்குறையப் பாதி எடைதான். 342 கிராம் சர்க்கரை செய்யும் வேலையை 180 கிராம் குளுக்கோஸே செய்துவிடும். பப்பாளி, டிராகன் பழம், திராட்சை ஆகியவற்றின் இனிப்பு பெரும்பாலும் இந்த இரண்டும்தான். தேனும் அப்படியே. கனிந்த மாம்பழத்தின் இனிப்பில் சாதாரண சர்க்கரையே மிகுதி, அதனால் உறைநிலையை இறக்கும் வேலையில் கிராமுக்குக் கிராம் அது பின்தங்கும். வாய்க்கு ருசி என்றால் மாம்பழத்தை யாரும் விடப் போவதில்லை, நானும் விடவில்லை.

ஆகவே சர்க்கரையைக் குறைக்க நினைக்கிறவர், அது செய்துவந்த வேலையை வேறு சிலவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பங்கைப் பழம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த பங்கு தயிரை வடிகட்டுவதில் இருக்கிறது.

தயிர் என்பது ஒரு வலை. இரண்டு வகை நுண்ணுயிர்கள் பாலின் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக்குகின்றன. புளிப்பு ஏறும்போது, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்த கேசின் புரதத் துகள்கள் விலக்கும் விசையை இழந்து கைகோத்துக்கொள்கின்றன. அந்த வலைக்குள் தண்ணீர் சிக்கி நிற்கிறது. மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, குளிர்பெட்டியில் இரவு முழுக்க விட்டால் எடையில் ஏறக்குறையப் பாதி மஞ்சள் நீராக இறங்கிவிடும். புரதத்தின் செறிவு அதற்கேற்ப இரட்டிப்பாகும். வடித்த தயிரிலும் 80 விழுக்காடு தண்ணீர் இருக்கவே செய்யும். ஆனால் நெருக்கமான புரத வலை, படிகங்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்வதைக் கடினமாக்குகிறது. வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்ல நீர் இல்லை.

இனி படிகத்தின் அளவு. பனிப்படிகம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் பெரிதானால் நாக்குக்கு நறநறவென்று தெரியும். ஐஸ் கச்சாங்கில் அந்த நறநறப்பே சுகம். தயிரில் அது குறை. வேகமாக உறைந்தால் ஒரே நேரத்தில் ஆயிரமாயிரம் படிகங்கள் பிறந்து, எல்லாம் சின்னதாக நின்றுவிடும். மெதுவாக உறைந்தால் சிலவே பிறந்து பெரிதாக வளரும். வீட்டில் வேகம் கிடைப்பதுதான் கடினம். 300 கிராம் தண்ணீரை 0 டிகிரியிலேயே பனிக்கட்டியாக்க அதிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 1 லட்சம் ஜூல். அதே தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றக்கூட அவ்வளவு வெப்பம்தான் தேவை. அடுப்பு சில நிமிடங்களில் கொடுக்கும் வெப்பத்தை, ஆழமான பிளாஸ்டிக் டப்பாவின் சுவர் வழியாகக் குளிர்காற்று மணிக்கணக்கில் உறிஞ்ச வேண்டியிருக்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த வழி, உறையவைக்கும் வேலையைப் பழத்திடம் முன்கூட்டியே முடித்துக்கொள்வது. பழத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, அலுமினியத் தட்டில் ஒட்டாமல் பரப்பி, இரவே ஃபிரீசரில் வைத்துவிடுகிறேன். மறுநாள் 400 கிராம் உறைந்த பழம், 250 கிராம் நன்கு குளிர்ந்த வடிதயிர், ஒரு மேசைக்கரண்டி தேன், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் பிளெண்டரில் விட்டுவிட்டு ஓட்டி அரைத்தால் போதும். பழத்தில் வளர்ந்த படிகங்களைக் கத்தி நொறுக்குகிறது, நொறுங்கிய படிகங்களே தயிரைக் குளிர்விக்கின்றன, சுழற்சியில் கொஞ்சம் காற்றும் சேர்கிறது. ஐந்து நிமிடத்தில் வழவழப்பாகிவிடும். பழத்தில் பாதி வாழைப்பழமாக இருந்தால் இன்னும் நல்லது. ரஸ்தாளியோ பிசாங் மாஸோ, தோலில் புள்ளி விழும்வரை காத்திருங்கள். காயில் இருந்த மாவுச்சத்து அதற்குள் பெரும்பாலும் சர்க்கரையாக மாறியிருக்கும். அதன் பெக்டினும் நுண்ணிய சதையும் கிரீம் இல்லாமலேயே கிரீமின் உணர்வைத் தரும்.

அன்னாசி மட்டும் தனிக் கதை. சௌராஸ்தா பசாரில் மணக்க மணக்க வாங்கிய அன்னாசியைப் பச்சையாகத் தயிரில் கலந்து வைத்தேன். மாலையில் ஒரே கசப்பு. தயிர் கெட்டுவிட்டதென்றே நினைத்தேன், தயிர் கெடவில்லை. அன்னாசியில் புரோமலைன் என்ற புரதம் அறுக்கும் நொதிகள் உள்ளன. அவை பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும்போது பிறக்கும் சில துண்டுகள் கசக்கும். குளிர் அந்த நொதியை மெதுவாக்கும், அழிக்காது. வெப்பம் அழிக்கும். அதனால் இப்போது அன்னாசியைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பிறகே உறையவைக்கிறேன். கிவியிலும் பப்பாளியிலும் இதே வகை நொதிகள் உண்டு. நன்கு பழுத்த பப்பாளியில் அவை குறைவு என்பதால், அரைத்த உடனே சாப்பிட்டால் தொல்லை இல்லை.

அரைக்கும்போது ருசி பார்த்து, "இனிப்பு சரியாக இருக்கிறது" என்று நினைத்தால் பரிமாறும்போது குறைவாகத் தோன்றும். இனிப்பை மூளைக்குத் தெரிவிக்கும் சுவை உயிரணுக்களில் டிஆர்பிஎம்5 என்ற வாயில் ஒன்று உண்டு. குளிரில் அது சரியாகத் திறக்காது. ஐஸ்கிரீம் உருகியதும் திகட்டுவது இதனால்தான். இதைச் சரிக்கட்டத் தேனைக் கூட்டுவதைவிட, நன்கு கனிந்த பழத்தைத் தேர்வதும், எலுமிச்சைத் தோலைக் கொஞ்சம் துருவிப் போடுவதும் நல்லது என்பது என் அனுபவம்.

இதில் சர்க்கரையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன அளவை ஆறு கிண்ணமாகப் பிரித்தால், பழம், தேன், தயிர் மூன்றும் சேர்ந்து கிண்ணத்துக்குச் சுமார் 12 கிராம் சர்க்கரை வரும். இனிப்பு நீர் உள்ளவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். தயிரின் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி உறையும்போது இறக்கும், கணிசமானவை உறங்கிக் கிடந்து பிழைக்கும்.

மிச்சத்தைச் சேமித்தால், ஃபிரீசர் கதவருகில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சின்னப் படிகங்கள் கொஞ்சம் உருகி, மறுபடி குளிரும்போது அந்த நீர் பெரிய படிகங்களோடு போய் ஒட்டிக்கொள்கிறது. மூன்று நான்கு நாளில் நறநறப்பு வந்துவிடும். தட்டையான பாத்திரத்தில், மேற்பரப்பைத் தொடும்படி பிளாஸ்டிக் தாள் போர்த்தி, உள்பக்கமாக வையுங்கள். கடையில் வாங்கும் ஐஸ்கிரீமைவிட இதில் கரைபொருள் குறைவு என்பதால், ஓரிரவு கடந்தால் இது கெட்டியாகத்தான் இருக்கும். 15 நிமிடம் மேசையில் வைத்தால் இளகும். அம்மா அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை, பிளெண்டர் சத்தம் நின்றதுமே கிண்ணத்தோடு அடுப்படிக்கு வந்துவிடுகிறார்.