பைப் எப்படி ஓடும்?

ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தோடு சமையலறைக்கு வந்தாள். “மா, ‘ரன்’னா ஓடுறதுன்னுதானே டீச்சர் சொன்னாங்க? இங்க பைப்ப ‘ரன்’ பண்ணுன்னு போட்டிருக்கு. பைப் எப்படி ஓடும்?”

நல்ல கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக அந்த ஒரு வினைச்சொல்லை ஆராய்ந்த பீட்டர் கில்லிவர், அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஏறக்குறைய ஒன்பது மாத உழைப்பு. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. இயந்திரமும் கணினியும் பெருகிய காலத்தில் ‘ரன்’ அதைத் தாண்டியதில் எனக்கு வியப்பில்லை. எஞ்சின், செயலி, தொழிற்சாலை என்று எல்லாம் அந்தச் சொல்லைத்தான் தேடி வருகின்றன.

ஆனால் இந்த 645-ம் தனித்தனியாகக் குவிந்தவை அல்ல. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு படம் இருக்கிறது: நிற்காமல் ஒரு போக்கில் செல்வது. கால் ஓடுகிறது. பிறகு தண்ணீர். தண்ணீரிலிருந்து குழாய், சளி பிடித்த மூக்கு, துவைக்கும்போது பரவும் சாயம். அடுத்து இயந்திரம், அதிலிருந்து கடை. “அப்பா கடை ஒரே இடத்துலதானமா இருக்கு?” என்றாள். கடை நகர்வதில்லை, கடையின் வேலை நிற்காமல் நடக்கிறது.

தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. ஆறு ஓடும், கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும், துக்கத்தில் ஒரு வேலையும் ஓடாது. மலாயில் ‘ஜாலான்’ என்றால் சாலை, நடப்பதும் அதுவே. பழுதுபார்த்த மோட்டாரை முடுக்கிப் பார்த்து ‘சூடா போலே ஜாலான்’, அதாவது ‘இனி ஓடும்’, என்பார் மெக்கானிக். ஓடுவதற்கான மலாய்ச் சொல்லான ‘லாரி’ நம் கோலாலம்பூரில் செலவு கைமீறினாலும் பேச்சு திசைமாறினாலும் வந்து நிற்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. கூரையில் வேயும் ‘ஓடு’ என்ற சொல்லையும் ஓடுகிற ஓட்டத்தையும் இணைக்கும் படம் எதுவும் நமக்குத் தோன்றுவதில்லை. நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம். இங்குள்ள பழைய கடைவீடுகளின் ஓடு எங்கும் ஓடப்போவதில்லை. இரண்டு சொற்கள், ஒலி மட்டும் ஒன்று.

மூளை இந்த வேறுபாட்டை உணர்கிறது. மொழி உளவியல் ஆய்வாளர் ஜெனிஃபர் ராட் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், உறவுள்ள பல பொருள்கள் கொண்ட ஆங்கிலச் சொற்களை மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். உறவில்லாத பொருள்கள் ஒரே ஒலியில் மோதும்போது தாமதமானது. பொருள் பெருகினால் குழப்பம் பெருகும் என்று நினைப்போம். ‘ரன்’ போன்ற சொல்லுக்கு அது பொருந்தாது.

சரியான பொருளைத் தேர்வது எப்படி? மொழி உளவியல் ஆய்வாளர் டேவிட் ஸ்வின்னி 1979-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும்கூட. சிலந்தி, கரப்பான் என்று பேசிவிட்டு அந்தச் சொல்லைக் காதில் விழச் செய்து, அதே கணத்தில் திரையில் வேறொரு சொல்லைக் காட்டினார். ‘எறும்பு’ம் சரி, ‘உளவாளி’யும் சரி, கேட்டவர்கள் இரண்டையும் விரைந்து அறிந்தார்கள். மூன்று அசை கடந்ததும் எறும்புக்கு மட்டுமே அந்த வேகம் இருந்தது. அதாவது, பொருத்தமில்லாத பொருளும் மூளையில் ஒரு கணம் விழிக்கிறது. பிறகு பக்கத்துச் சொற்கள் அதை அடக்கிவிடுகின்றன.

இதைப் படித்ததும் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது, மெய்சிலிர்த்தது. பலபொருள் ஒருசொல்லின் பொருள் ‘வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெரியும் என்கிறது சொல்லதிகாரம். ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. வினையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். அங்கே வினை கைகொடுக்காது. சொல்பவர்தான் ‘மாமரம்’ என்று விளக்கிச் சொல்ல வேண்டும், அதற்கும் தொல்காப்பியத்தில் விதி உண்டு. மகளிடம் சொன்னேன். பைப்பைத் திறந்து, தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.