துறை கடந்த முனைவர் பட்ட ஆய்வும் இணை நெறியாளர் விதியும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இரண்டு துறைகளைச் சேர்த்து ஆராய விரும்புவோர், பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளில் நெறியாளர் (ஆய்வு வழிகாட்டி) ஒதுக்கீடு பற்றிய பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். பல்துறை ஆய்வுக்குத் தேவைப்பட்டால் துறைக்கோ கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ வெளியிலிருந்து இணை நெறியாளரை நியமிக்க அது இடமளிக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குறிப்பிடும் ஏரி வாரியத்தையும் (ஏரிகளைக் கவனித்த ஊர்ச்சபைக் குழு) அவ்வட்டாரத்து ஏரிகளின் நீர்வரத்தையும் சேர்த்து ஆராய ஒரு வரலாற்று மாணவர் விரும்புகிறார் என்று கொள்வோம். கல்வெட்டு வாசிப்புக்கு வரலாற்றுப் பேராசிரியர் வழிகாட்டுவார். மதகையும் கலங்கலையும் (மிகைநீர் வெளியேறும் இடம்) நீர்ப்பிடிப்புப் பரப்பையும் அளந்து கணக்கிட நீர்வளப் பொறியியல் அறிந்தவர் வேண்டும். அவர் வேறு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினாலும் இணை நெறியாளராகலாம். முறையான நியமனம் இல்லையென்றால், எவ்வளவு அக்கறையோடு உதவினாலும் ஆய்வின் போக்கில் அவருக்குப் பொறுப்பு எதுவும் இராது.

இருப்பினும் இது அனுமதியே தவிர, மாணவர் கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அன்று. உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். நடைமுறையும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை முடிவு செய்வதும், படிக்க வேண்டிய தாள்களை அடையாளம் காண்பதும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் பணி என்பதால், அக்குழு முதன்முறை கூடுவதற்கு முன்பே நெறியாளர் வழியாகக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. பாடநெறிக்குத் தேவையான குறைந்தது 12 கிரெடிட்டுகளில் மற்றத் துறையின் ஆய்வுமுறையைக் கற்பிக்கும் தாள் ஒன்றையாவது சேர்க்கும்படி அப்போதே கேட்க வேண்டும். பின்னாளில் தானாகப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டால் களப்பணிக் காலத்தில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது.

முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு, அல்லது நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றிருப்பது பொதுவான தகுதி. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டுப் பட்டதாரிகள் எத்துறையில் படித்திருந்தாலும், தாங்கள் ஆராய விரும்பும் பாடத்திலேயே தேசியத் தகுதித் தேர்வு (நெட்) எழுதலாம் என்று மானியக் குழு 2024இல் தெளிவுபடுத்தியது. துறை மாற நினைப்பவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு; மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை கிடைக்கும். ஆய்வேட்டை நெறியாளருடன், அந்த நிறுவனத்தில் பணியாற்றாத குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். இருவரும் ஒரே துறையினராக அமைந்துவிட்டால் மறுபாதியை எடைபோட ஆளிருக்காது என்பதால், தேர்வாளர் பட்டியல் தயாராகும் முன்பே இரு நெறியாளர்களிடமும் இதைப் பேசிவிட வேண்டும்.