புறாப்பால்: சொல் விளக்கம்

கேட்டதும் கிண்டல் என்றுதான் தோன்றும். இங்கிலாந்தில் நிஜமாகவே கிண்டலாகத்தான் இருந்தது. ஏப்ரல் முதல் தேதி விவரம் தெரியாத பையனைப் பிடித்து, "ஓடிப்போய்ப் புறாப்பால் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டுச் சிரிப்பார்கள். கிரேக்கர்களுக்கும் 'பறவைப்பால்' என்றால் எளிதில் கிடைக்காத பண்டம், நம் முயல்கொம்பு போல. ஆனால் புறாவின் விஷயத்தில் இது உண்மை. ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1786-இலேயே விவரமாக எழுதிவிட்டார்.

விழுங்கிய தானியம் கொஞ்ச நேரம் தங்குவதற்குப் புறாவின் கழுத்தடியில் ஒரு பை உண்டு. பாடப்புத்தகத்தில் அதற்குத் தீனிப்பை என்று பெயர். முட்டை பொரிய ஓரிரு நாள் இருக்கும்போதே இதன் உட்சுவர் தடித்து, செல்கள் பெருகி, கொழுப்பும் புரதமும் நிரம்பி, அப்படியே உரிந்து விழும். அந்த உரிந்த செல்கள்தான் 'பால்'. மடி கிடையாது, காம்பு கிடையாது, மாட்டுப்பாலில் இருக்கிற லாக்டோஸ் சர்க்கரையும் கிடையாது. நோய் எதிர்ப்புப் பொருள்கள் உண்டு. தாய்ப்பால் என்றும் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அப்பனுக்கும் சுரக்கும்.

கீழக்கரைப் பக்கம் மாடியில் புறாக்கூண்டு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல, "கக்கிக் குடுக்குது" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். பொரித்து ரெண்டு நாளான குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கண் திறந்திருக்காது, உடம்பெல்லாம் மஞ்சள் மயிர், கழுத்தடியில் மட்டும் பொருத்தமில்லாமல் பெரிய வீக்கம். தோல் மெல்லிசு என்பதால் உள்ளே வெளிர்மஞ்சளாக, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகத் தெரியும். முதல் சில நாள் அதுதான் சாப்பாடு, அப்புறம்தான் தானியம் கலக்கும். முட்டையை வேறு ஜோடிக்கு மாற்றி வைக்கும்போது நாள் கணக்குப் பார்ப்பதும் இதற்காகத்தான். அந்த ஜோடிக்கு இன்னும் பால் ஊறவில்லை என்றால் குஞ்சு பிழைக்காது.

ஊற வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன், மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற அதே ஹார்மோன். லத்தீனில் 'லாக்' என்றால் பால். 1933-இல் ரிடில் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் வைத்த பெயர் இது. அப்போது அதை அளந்து பார்த்ததே புறாவின் தீனிப்பை எவ்வளவு தடிக்கிறது என்பதை வைத்துத்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலருக்குப் 'பால்' என்பதே உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை. தேங்காய்ப்பால், கள்ளிப்பால், எருக்கம்பால் என்கிறோம், நெற்கதிர் பால் பிடிக்கிறது என்கிறோம், இதில் எதற்கு மடி இருக்கிறது? ஆகவே பேச்சுக்குப் புறாப்பால் போதும். பாடத்தில் எழுத 'தீனிப்பைப் பால்' சரியாக இருக்கும். மாடப்புறா, மணிப்புறா என்று அந்தக் குடும்பம் முழுக்க அங்கேதான் ஊறுகிறது.

குளிர்காலத்தில் தனுஷ்கோடிக்கு வருகிற பூநாரைக்குத்தான் இந்தப் பெயர் இடிக்கும். அதுவும் ஆண் பெண் இரண்டும் குஞ்சுக்குப் பால் கொடுக்கிற பறவை, ஆனால் தீனிப்பையில் மட்டுமல்லாமல் உணவுக்குழாயின் மேல்பகுதி நெடுகச் சுரக்கும். நிறமும் சிவப்பு, தின்கிற இரையின் நிறமிகள் அதில் இறங்குவதால். அதைத் தொண்டைப்பால் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. இங்கே அதைப் பார்க்க முடியாது, அவை கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் பக்கத்து உப்புச் சேற்றில்.