ஸ்கேன்ல பேர எடுத்துட்டா போதுமா?

நான் ஒரு மூளை ஆராய்ச்சி பிராஜெக்ட்ல கோஆர்டினேட்டர். வர்றவங்களுக்கு சம்மதப் படிவத்த படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கறதுதான் பாதி வேலை. போன மாசம் ஒரு பாட்டி வந்தாங்க, படிவத்த நீட்டறதுக்குள்ள பக்கத்துல இருந்த மகன் "நான் போட்டுடறேன் சார்"னு பேனாவ வாங்கிட்டார். நம்ம ஊர்ல இது சகஜம், தப்பான எண்ணமும் கிடையாது. ஆனா ஐசிஎம்ஆரோட, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட, 2017 வழிகாட்டுதல் படி பாட்டி முடிவெடுக்கற நிலைமையில இருந்தா அவங்க சம்மதம்தான் சம்மதம், எழுதத் தெரியலன்னா கைநாட்டு, கூட ஸ்டடிக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி.

பாட்டி கேட்டாங்க, "என் தலையப் படம் எடுத்து யார் யாருக்கு தம்பி காட்டுவீங்க?"

"பேரே இருக்காது பாட்டி, வெறும் நம்பர்தான்"னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அது முழு உண்மை இல்லயே. எம்ஆர்ஐல மூளை மட்டுமா விழுது, மூக்கு, கன்னம், நெத்தி எல்லாம் சேர்ந்துதான் விழுது, 3டி வியூவர்ல போட்டா ஆளோட முகமே எழுந்து நிக்கும். அமெரிக்காவோட மேயோ கிளினிக் ஆஸ்பத்திரில 2019ல 84 பேரோட ஸ்கேன எடுத்து முகம் அடையாளம் காணற சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தாங்க, 70 பேர சரியா கண்டுபிடிச்சிடுச்சு. அதனாலதான் வெளிய குடுக்கறதுக்கு முன்னாடி முகத்த அழிக்கற வேலைய செய்யணும்ங்கறது. மூளையோட மின் அலையப் பதிவு பண்ற இஇஜி வேற கதை. நானே ஒரு தடவ ஃபைல் பேர மட்டும் மாத்திட்டு நிம்மதியா இருந்தேன், அந்தப் பதிவ சேமிக்கற இடிஎஃப் ஃபைலோட ஹெடர்ல, அதாவது தலைப்புப் பகுதில, நோயாளி விவரத்துக்குன்னே 80 எழுத்துக்கு இடம் இருக்கு, அதுல பேரு அப்படியே உக்காந்திருந்துச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி பார்த்தது என் அதிர்ஷ்டம்.

சிலி நாட்டுல 2021லயே மூளைச் செயல்பாட்டையும் அதுலேர்ந்து வர்ற தகவலையும் அரசியலமைப்புலயே பாதுகாத்துட்டாங்க. 2023 ஆகஸ்ட்ல முன்னாள் செனட்டர் கிடோ ஹிரார்டி போட்ட கேஸ்ல, எமோட்டிவ் கம்பெனியோட, தலையில மாட்டி மூளை அலையப் பதிவு பண்ற ஹெட்செட்ல சேர்ந்த அவரோட மூளை டேட்டாவ அழிக்கச் சொல்லி அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு. நம்ம 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துல மூளை டேட்டாவுக்குன்னு தனி வகை கிடையாது, ஆராய்ச்சிக்கு விதிவிலக்கும் இருக்கு, அந்த டேட்டாவ வச்சு குறிப்பிட்ட ஆளப் பத்தி முடிவெடுக்கக் கூடாது, வரையறுத்த தரத்தப் பின்பற்றணும்ங்கற நிபந்தனையோட. அதனால பாட்டிக்கு பாதுகாப்புன்னு இருக்கறதுல பெரும் பங்கு ஆராய்ச்சி நெறிமுறைய பரிசீலிக்கற எதிக்ஸ் கமிட்டியும் அந்த படிவமும்தான், அதையும் நாம அவசரத்துல கடகடன்னு படிச்சுத் தள்ளிடறோம்.

எங்க படிவத்துல வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்குக் குடுக்கலாமான்னு தனியா ஒரு கட்டம் இருக்கு. முகம் விஷயத்த ஒடச்சே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "படம் எடுத்துக்கோ தம்பி, நீங்க பாருங்க, கடல் தாண்டி அனுப்பாத"ன்னுட்டாங்க. "என்னம்மா, இதுக்கெல்லாமா?"னு மகன் சலிச்சுக்கிட்டார். நான் 'இல்லை'ல டிக் போட்டுட்டு மைப் பெட்டிய நகர்த்தி வச்சேன்.