கயிற்றில் இருக்கிறது பாதத்தின் கணக்கு

"ஏழு நாளில் கற்றுக்கொள்ள முடியுமா ஆசானே?" காலால் எண்ணெய் நீவும் சவுட்டி உழிச்சலைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சிலர் ஏற்கெனவே எங்கோ ஒரு வார வகுப்பு முடித்துச் சான்றிதழோடு வருவார்கள். யாராக இருந்தாலும் முதலில் எடை பார்க்கும் மெஷினில்தான் கால் வைக்கச் சொல்வேன்.

கேரளத்துக் களரிகளில், அதாவது பயிற்சிக்கூடங்களில், களரிப்பயட்டு என்ற தற்காப்புக்கலை பயில்கிறவர்களின் உடம்பைப் பக்குவப்படுத்த வளர்ந்த முறை இது. தரையில் பாய், அதில் எண்ணெய் பூசிப் படுத்திருப்பவர், மேலே உத்தரத்தில் கட்டிய கயிறு. உழிச்சல் செய்பவர் கயிற்றைப் பிடித்தபடி ஒரு காலில் நின்று, மறு பாதத்தால் கைவிரல் நுனியிலிருந்து கால்விரல் வரை ஒரே இழுப்பாகத் தடவிக்கொண்டு போவார். சவுட்டு என்றால் மிதி. எங்கள் குமரி மாவட்டப் பேச்சிலும் அதே சொல்தான். அதைக் கேட்டுவிட்டு நிஜமாகவே மிதிக்கத் தொடங்குவதுதான் ஆபத்து.

மெஷினில் ஒரு பாதம், தரையில் மறு கால், இரண்டு கையும் கயிற்றில். முள் 5 கிலோவில் நிற்க வேண்டும். அப்புறம் 10. அப்புறம் 15 வரை ஏறி, அதே நிதானத்தில் இறங்க வேண்டும். முதல் நாள் யாருக்கும் வராது. 70 கிலோ இளைஞர் கொஞ்சம் தடுமாறினாலே முள் 30-க்குத் தாவிவிடும். அந்த 30 கிலோ ஒருவருடைய விலா எலும்பில் இறங்கினால் என்ன ஆகும்? உள்ளங்காலில் எண்ணெய் தடவிய பிறகும், கண்ணை மூடிக்கொண்டும் முள் அசையாமல் நிற்கும்வரை மனித உடம்பில் கால் வைக்க நான் அனுமதிப்பதில்லை. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு மூன்று மாதம்.

அதற்கு முன் நீங்களும் பாயில் படுத்தாக வேண்டும். மழைக்காலத்தில், நம் ஆடியை ஒட்டி வரும் கர்க்கடக மாதத்தில், களரி மாணவர்களுக்கு உழிச்சல் நடக்கும். 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் கதகளி படிக்கும் பிள்ளைகளுக்கும் இடுப்பும் தொடையும் நெகிழ ஆசிரியர்கள் காலால் உழிச்சல் செய்வதுண்டு. வாங்கியவருக்குத்தான் எந்த இடத்தில் மூச்சு பிடிக்கும் என்பது தெரியும்.

முதுகெலும்பின் மேல் பாதம் ஏறவே கூடாது; அதன் இரு பக்கத்துச் சதையில்தான் போக வேண்டும். முழங்காலின் பின்குழியில் இரத்தக்குழாயும் நரம்பும் போதிய பாதுகாப்பில்லாமல் ஓடுவதால் அங்கே அழுத்தம் வேண்டாம். கீழ் விலாவிலும் அப்படியே.

கணுக்கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்த ஓர் அம்மா ஒருமுறை வந்தார். "கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு இருக்கு, நல்லா நீவி விடுங்க" என்றார். எங்கள் மாணவி எண்ணெயைக்கூடச் சூடாக்கிவிட்டார். இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தது, தொட்டால் சூடு. அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஸ்கேனில் ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி. அதை உழிச்சல் செய்திருந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம். உயிரே போகக்கூடிய விஷயம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எலும்பு பலமிழந்து எளிதில் முறியக்கூடியவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சல் உள்ளவர்கள் யாருக்கும் இது வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. வலித்தால் சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லை, வலியே தெரியாது. படுக்கப் போகிறவர்களும் இவற்றையெல்லாம் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களிடம் எதையுமே கேட்காமல் பாயை விரிக்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த மாணவி இப்போது எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன் தையல் டேப்பை எடுக்கிறார். இரண்டு கெண்டைக்காலையும் அளந்து நோட்டில் குறித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறார்.