கடல் மக்களுக்குப் பூர்வகுடி என்ற பெயர் உண்டு, பட்டா உண்டா?

சிங்கப்பூரின் ஈசூன்காரர்கள் கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்கு நடக்கப் போயிருப்பீர்கள். 1986இல் அணை கட்டி முடிக்கும்வரை அது கடல் ஏறி இறங்கிய கழிமுகம். ஓலைக்கூரை போட்ட படகிலேயே சமைத்து, தூங்கி, பிள்ளை வளர்த்து அங்கே வாழ்ந்தவர்கள் ஒராங் சிலேத்தார். அவர்கள், காலாங் ஆற்று மக்கள், தெற்குத் தீவுக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து ஒராங் லாவுட், அதாவது கடல் மக்கள் என்பார்கள்.

சரி, இவர்களுக்கு இங்கே நிலத்திலும் கடலிலும் என்ன உரிமை? என் மகள் பள்ளிப் பாடத்துக்காகக் கேட்டபோதுதான் நானும் உட்கார்ந்து படித்தேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, மலாய்க்காரர்களே சிங்கப்பூரின் பூர்வகுடிகள் என்று சொல்லி, அவர்களுடைய கல்வி, சமயம், பொருளியல், பண்பாடு, மொழி எல்லாவற்றையும் காக்கும் பொறுப்பை அரசாங்கத்திடம் கொடுக்கிறது. ஒராங் லாவுட்டையும் மலாய்க்காரர்களோடு சேர்த்தே எண்ணுகிறார்கள். ஆனால் அந்தப் பெயர் அதில் தனியாக இல்லை, நிலம் என்ற சொல்லும் இல்லை. மலேசிய அரசமைப்பில் இருக்கும் சொத்துரிமைப் பிரிவு, 1965இல் பிரிந்தபோது இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நம் ஆட்களுக்கு உடனே தோன்றும் கேள்வி, பன்னிரண்டு வருஷம் ஆண்டு அனுபவித்தால் இடம் நமதாகாதா என்பது. இங்கே அப்படிப் புதிதாக உரிமை கோரும் வழி 1994 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. கடற்கரையும் கடலடி நிலமும் அரசுடையவை, தூர்த்து எடுத்த நிலமும் அரசுக்கே போகும். தாத்தா காலத்திலிருந்து மீன் பிடித்த இடம் என்பதை உரிமையாகப் பதிய ஓர் ஏடு கிடையாது.

அரசு நிலத்தில் இருந்தவர்களிடம் பெரும்பாலும் இருந்தது டிஓஎல், தற்காலிகக் குடியிருப்பு உரிமம். செம்பவாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், எங்கள் அப்பாவும் அதைத்தான் வைத்திருந்தார், வருஷா வருஷம் காசு கட்டிப் புதுப்பிப்பார். பெயரிலேயே தற்காலிகம் என்று இருக்கிறது. தெற்குத் தீவுகளில் ஒன்றான செமாக்காவின் மக்கள் 1970களில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். அந்தக் காலத்து இழப்பீடு கட்டிய வீட்டையும் நட்ட மரத்தையும் எண்ணிப் போட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்ததற்கு அதில் எந்தக் கணக்கும் இல்லை, இதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தத் தீவு 1999 முதல் குப்பை நிரப்புமிடம்.

ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், கதை வேறு. ஜோகூரில் இருக்கும் ஒராங் சிலேத்தார் அங்கே ஒராங் அஸ்லி, அதாவது பூர்வகுடிகள், அவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, வழக்கப்படி வாழ்ந்த நிலத்துக்கு உரிமை உண்டு என்று மற்ற ஒராங் அஸ்லி வழக்குகளில் வந்த தீர்ப்புகளும் இருக்கின்றன. அதை வைத்துத் தங்கள் கடலோரக் கிராமங்களுக்காக அவர்கள் வழக்குப் போட்டு, 2017இல் ஜோகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். நீரிணைக்கு இரண்டு கரையிலும் ஒரே மக்கள்தான், சட்டம்தான் வேறு.

ஐநா 2007இல் கொண்டுவந்த பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. ஆனால் பிரகடனம் யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தக்கூடிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையைச் சிங்கப்பூர் ஏற்கவில்லை.

உங்கள் புளோக்கில் தீவிலிருந்து வந்த மலாய்ப் பாட்டி யாராவது இருந்தால், பழைய டிஓஎல் ரசீதைக் குப்பையில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பட்டா ஆகாது. ஆனாலும் எந்தத் தீவில், எந்த வருஷம், யார் குடியிருந்தார்கள் என்பதற்கு அந்த வீட்டில் இருக்கும் எழுத்து அது ஒன்றாகத்தான் இருக்கும்.